பன்னிரண்டு மாதமும் பூ: கொழும்பு வீட்டுக்கு எந்தச் செடி?

தை மாதத்தில் ஒரு ரோசாக் கன்று வாங்குகிறீர்கள். வாங்கும்போது நாலு பூ, ஆறு மொட்டு. வெள்ளவத்தை ஒழுங்கையில் உள்ள உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிறீர்கள். பங்குனி வரை குறையில்லாமல் பூக்கிறது. வைகாசி மழை தொடங்கியதும் இலைகளில் கரும்புள்ளி விழுகிறது. ஆனி முடியும்போது சாடியில் நாலு முள்ளுக் குச்சிதான் மிச்சம். "எனக்குப் பூக்கன்றுக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிச் சாடியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறீர்கள்.

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. கடையில் அந்தச் செடி பூத்து நின்ற ஒரு நாளைப் பார்த்து வாங்கினீர்கள். அடுத்து வரப்போகும் மழையையும், உங்கள் வாசலில் விழும் வெயிலையும் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த இரண்டையும் தெரிந்துகொண்டு செடி தேர்ந்தால், ஆறே ஆறு செடியில் வருடம் முழுவதும் வீட்டில் பூ இருக்கும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொழும்பில் பருவம் என்று எதைச் சொல்வது?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று நாலு பருவத்துக்குச் செடி சொல்லும். கொழும்பில் அந்தக் கணக்கு உதவாது. நம் ஊரில் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு பாகை கூட வித்தியாசம் இல்லை. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணி நேரம்தான்.

மாறுவது மழை ஒன்றுதான். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஜனவரியில் சராசரியாக 60 மில்லிமீற்றர் அளவுதான். மே மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் மாதத்துக்கு 400 மில்லிமீற்றரை ஒட்டி வந்துவிடும். அதாவது ஜனவரியில் ஒரு வாளி விழும் இடத்தில் மே மாதத்தில் ஆறு வாளிக்கு மேல் விழுகிறது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நாலு பருவம் இப்படி: டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வெயில்; ஏப்ரல், மே முதல் மழை; ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காற்றும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும்; செப்டெம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை இரண்டாவது பெருமழை. எந்தச் செடியைப் பார்த்தாலும் "இது இந்த நாலில் எதில் பூக்கும், எதில் வாடும்?" என்று கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

என் வீட்டில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று எப்படித் தெரியும்?

கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை சாடி வைக்கப்போகும் இடத்தைப் பாருங்கள். ஆறு மணி நேரம் நேர்வெயில் விழுந்தால் முழு வெயில் இடம். மூன்று முதல் ஐந்து மணி என்றால் அரை நிழல். அதற்கும் குறைந்தால் நிழல். கொட்டாஞ்சேனையில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளின் நடுமுற்றம் பெரும்பாலும் அரை நிழலாக அல்லது நிழலாகத்தான் இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. அதற்கும் பூச்செடி இருக்கிறது.

ஒரு நாள் எண்ணினால் போதுமா? போதாது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்குப் பக்கமாக நிற்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக நிற்கும்.

இதனால் உங்களுக்கு என்ன? வடக்குப் பார்த்த பல்கனியில் தை மாதத்தில் வெயிலே வராது. ஆனி மாதத்தில் வரும். தெற்குப் பார்த்த பல்கனியில் மார்கழி, தையில் வெயில் உள்ளே வரை விழும். ஆனியில் ஓரத்தோடு நின்றுவிடும். "போன மாதம் வரை நன்றாகப் பூத்த மல்லிகை ஏன் திடீரென்று நின்றுவிட்டது?" என்ற கேள்விக்குப் பல தொடர்மாடி வீடுகளில் இதுதான் விடை. சாடிச் செடி என்றால் வருடத்துக்கு இருமுறை இடம் மாற்றுங்கள்.

கடற்காற்று செடியை என்ன செய்யும்?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேராக வருகிறது. அதில் வரும் உப்புத் துகள் இலையில் படிந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். இலையின் நுனியும் ஓரமும் தீப்பட்டதுபோல் கருகும். மரைன் டிரைவைப் பார்த்த பல்கனியில் இதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

எந்தச் செடி தாங்கும் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இலையைத் தொட்டுப் பாருங்கள். தடித்து, மெழுகு பூசியதுபோல் இருந்தால் தாங்கும். மெல்லியதாக, மிருதுவாக இருந்தால் தாங்காது. அலரி, போகன்வில்லா, கோயில் வாசல்களில் நிற்கும் ஈழத்தலரி, பிள்ளையாருக்குப் பூப் பறிக்கும் எருக்கலை, நிலத்தோடு வளரும் பட்டிப்பூ ஆகியவை கடற்காற்றை நன்றாகத் தாங்கும். இக்ஸோராவும் செவ்வரத்தையும் ஓரளவு தாங்கும். மல்லிகையைச் சுவர் மறைவில் வையுங்கள்.

பலமாகக் காற்று வீசிய நாளின் மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். இந்தச் சின்ன வேலை பல செடிகளைக் காப்பாற்றும். கொட்டாஞ்சேனையில் உப்பைவிடப் புழுதிதான் தொல்லை. அங்கேயும் வாரம் ஒருமுறை இலை கழுவுவது நல்லது.

மொத்தம் எத்தனை செடி வேண்டும்?

ஆறு போதும். கணக்கு இப்படி: எப்போதும் பூக்கும் செடி மூன்று, வெயில் மாதத்துக்கு ஒன்று, மழை மாதத்துக்கு ஒன்று, கீழே நிலத்தோடு படர்ந்து இடைவெளியை நிரப்ப ஒன்று. எல்லாமே பல்லாண்டுத் தாவரங்களாக (ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்பவை) இருக்கட்டும். மூன்று மாதத்தில் முடிந்துபோகும் செடிகளை விருப்பமிருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போதும் பூக்கும் மூன்று எவை?

முதலாவது செவ்வரத்தை. ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும். ஆனால் புதிய தளிர் வரும் இடமெல்லாம் மொட்டு வருவதால் வருடம் முழுவதும் பூ நிற்காது. பெரிய பெரிய பூப் பூக்கும் புதிய கலப்பு வகைகளைவிட நம் வீடுகளில் பழைய காலத்திலிருந்தே இருக்கும் ஒற்றை அடுக்குச் சிவப்புச் செவ்வரத்தை மழையையும் பூச்சியையும் நன்றாகத் தாங்கும். முழு வெயில் வேண்டும்.

அதில் வெள்ளைப் பஞ்சுபோல் பூச்சி பிடிக்கிறதே, என்ன செய்வது? அது மாவுப்பூச்சி. முதலில் எறும்பைப் பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காத்து நிற்கிறது. பூச்சி பிடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மற்ற இடங்களைத் தண்ணீரைப் பலமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்தால் அடங்கும்.

இரண்டாவது இக்ஸோரா. தமிழ்நாட்டில் இட்லிப்பூ என்பார்கள். சங்க காலத்திலிருந்து வரும் பெயர் வெட்சி. இலங்கையும் தென்னிந்தியாவும்தான் இதன் தாய்நிலம் என்பதால் நம் மண்ணும் மழையும் இதற்குப் பழக்கம். ஒரு கொத்து வாடாமல் பல நாள் நிற்கும். வேலியாகவும் வளர்க்கலாம், சாடியிலும் வளர்க்கலாம்.

என் இக்ஸோரா ஏன் மஞ்சளாகிறது? இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். செடியால் அதை எடுக்க முடியாது. இக்ஸோராவுக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். சீமெந்துச் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பும், வீடு கட்டியபோது மண்ணில் புதைந்த கல்லும் சாந்தும் அந்தப் புளிப்பைப் போக்கிவிடும்.

ஆகவே சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நடுங்கள். குழியில் உள்ள சாந்துக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மாட்டெருவும் இலைமக்கும் நிறையப் போடுங்கள். அடுப்புச் சாம்பலை மட்டும் இக்ஸோராவுக்குப் போடாதீர்கள்; சாம்பலும் சுண்ணாம்பைப் போலத்தான் வேலை செய்யும்.

மூன்றாவது நந்தியாவட்டை. அரை நிழலிலும் பூக்கும் என்பதால் கொட்டாஞ்சேனை முற்றங்களுக்கு இதைவிட நல்ல செடி கிடைப்பது அரிது. வெள்ளைப் பூ, கரும்பச்சை இலை, இரவில் மெல்லிய வாசம். மழை மாதங்களில் இன்னும் அதிகமாகப் பூக்கும். ஒற்றை, அடுக்கு என்று இரண்டு வகை உண்டு. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக்குச் செவ்வரத்தையும் இக்ஸோராவும், வெள்ளைக்கு நந்தியாவட்டையும் இருந்தால் தினமும் சாமிப்படத்துக்கு வைக்கப் பூக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வெயில் மாதங்களில் எது நன்றாகப் பூக்கும்?

போகன்வில்லாவைச் சொல்லலாம். இதில் நிறமாகத் தெரிவது பூ அல்ல, பூவடியிலை (பூவைச் சுற்றி வரும் நிறமுள்ள இலை). உள்ளே வெள்ளையாக இருக்கும் சின்னக் குழாய்தான் பூ. இந்தச் செடி தண்ணீர் குறையும்போது பூக்கும். தண்ணீர் கூடினால் இலையும் முள்ளுமாக வளரும்.

"தினமும் ஊற்றுகிறேன், பசளையும் போடுகிறேன், பூக்கவில்லையே" என்கிறீர்களா? காரணம் அந்தக் கவனிப்புத்தான். தையில் மழை விட்டதும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். சாடியைப் பெரிதாக மாற்றாதீர்கள். வேர் நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். ஆறு மணி நேர வெயில் கட்டாயம்.

வாசம் வேண்டுமென்றால் மல்லிகை. பங்குனி, சித்திரை வெயிலில்தான் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதற்கு நீங்கள் மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்ததும், கவாத்து (கிளை நுனிகளை அளவாக வெட்டிவிடுதல்) செய்ய வேண்டும். மொட்டு வருவது புதுத் தளிரில் என்பதால் வெட்டாத மல்லிகையில் நுனியில் நாலு பூதான் கிடைக்கும்.

மழை மாதங்களில் எது பூக்கும்?

இந்தக் கேள்வியைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பல வீடுகளின் வாசல் பச்சையாக மட்டும் நிற்பதற்குக் காரணம் இதுதான். நவராத்திரி புரட்டாதியை ஒட்டியும் கந்தசஷ்டி ஐப்பசியை ஒட்டியும் வரும். பெரும்பாலான வருடங்களில் பூத் தேவை கூடும் நேரமும் மழை கூடும் நேரமும் ஒன்றாக வருகின்றன.

இடம் இருந்தால் பவளமல்லிகை வையுங்கள். இது சிறு மரமாக வளரும். வெட்டி வெட்டி எட்டடிக்குள் வைத்திருக்கலாம். இருட்டியதும் மலர்ந்து விடியும்போது தானாக உதிரும். நிலத்தில் விழுந்த பூவையும் சாமிக்கு வைக்கலாம் என்று நம் வழக்கம் இந்தப் பூவுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மழைநாளில் பூ சேற்றில் விழுகிறதே என்று கவலையா? இரவில் மரத்தின் கீழ் சுத்தமான துணி ஒன்றை விரித்து வையுங்கள்.

தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் கல்வாழையும் ஹெலிகோனியாவும் அங்கே நன்றாக இருக்கும். இரண்டும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து வருபவை. பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்தில் அடுத்த தண்டு எழும்.

இடமே இல்லையா? மழை லில்லி வையுங்கள். சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு. ஒரு சாடியில் பத்துப் பன்னிரண்டை நெருக்கமாக நடலாம். நல்ல மழை பெய்து சில நாட்களில் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். பூத்த பிறகு தண்ணீரைக் குறைத்து வைத்தால் அடுத்த மழைக்கு மீண்டும் பூக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஜூன் 13 ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்குப் பூ வேண்டும் என்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். அது காற்றும் மழையுமான மாதம். அப்போது நந்தியாவட்டையும் இக்ஸோராவும் கைகொடுக்கும். ரோசாவை நம்ப வேண்டாம்.

கீழே நிலத்தோடு என்ன வைப்பது?

வெயில் இடமென்றால் பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். மடகஸ்காரிலிருந்து வந்த செடி. உப்புக் காற்று, மணல், வறட்சி எல்லாம் தாங்கும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் வேர் அழுகும். புற்றுநோய்க்கான இரண்டு மருந்துகள் இந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்; அது உண்மை. அதை நம்பி வீட்டில் இலையை அவித்துக் குடிக்காதீர்கள். செடி நஞ்சுள்ளது, மருந்து ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்படுவது.

அரை நிழலென்றால் கனகாம்பரம். இக்ஸோராவைப்போல் இதுவும் நம் நாட்டுச் செடி. வாசம் இல்லை; ஆனால் பறித்த பூ சீக்கிரம் வாடாது. காய்ந்த கதிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தால் பூ நிற்காமல் வரும்.

முழு நிழலென்றால் அந்தூரியம். பொச்சுத் துண்டும் கரியும் கலந்த சாடியில் வையுங்கள். ஒரு பூ வாரக் கணக்கில் நிற்கும். நேர்வெயில் பட்டால் இலை வெந்துவிடும்.

எல்லாச் செடியும் ஒன்றாகப் பூ ஓய்ந்து நிற்கும் ஒரு வாரம் எந்த வீட்டிலும் வரும். அந்த வாரத்துக்காக ஒரு குரோட்டன் வையுங்கள். அதன் இலையே பூவின் வேலையைச் செய்யும்.

எனக்கு முற்றமே இல்லை, பல்கனிதான். என்ன செய்வது?

முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு லீற்றர் ஈரமண் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். இருபது லீற்றர்ச் சாடி ஒன்று முப்பது கிலோ. அப்படிப் பத்துச் சாடியைப் பல்கனியின் வெளி ஓரத்தில் அடுக்காதீர்கள். பெரிய சாடிகளைச் சுவரோடு சேர்த்து வையுங்கள்.

மண்ணில் பாதிக்குத் தும்புத்தூள் கலந்தால் பாரம் குறையும், ஈரமும் நிற்கும். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும். பாவிக்க முன் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள்.

பல்கனிக்கு ஆறு செடி என்றால் இப்படி வைக்கலாம்: இக்ஸோராவின் குட்டை வகை, செவ்வரத்தை, நந்தியாவட்டை, போகன்வில்லா, மழை லில்லி, பட்டிப்பூ. கடலைப் பார்த்த பல்கனி என்றால் போகன்வில்லாவை முன்னே வைத்து, அதன் மறைவில் மற்றவற்றை வையுங்கள். கம்பியில் தொங்கவிடும் சாடிகளை ஆடிக் காற்றுக்கு முன் இறக்கி நிலத்தில் வைத்துவிடுங்கள். கீழ்மாடியில் இருப்பவரின் தலை உங்கள் பொறுப்பு.

பூச்சாடி வைத்தால் டெங்கு வராதா?

நியாயமான பயம். 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்குச் சந்தேகம் பதிவானது. கொழும்பு அதில் முன்னால் நின்றது. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 இல் வந்த 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் முதலில் பார்ப்பது சாடியின் அடித்தட்டைத்தான்.

நுளம்பு மண்ணில் முட்டையிடாது. தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் இடும். முட்டை நுளம்பாகி வெளியே வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே அடித்தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல்லின் மேல் சாடியை வையுங்கள். தட்டு கட்டாயம் வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த தட்டில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

வெற்றுச் சாடி, சிரட்டை, பூவாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். இலைகளின் நடுவே கிண்ணம்போல் தண்ணீர் பிடித்து வைக்கும் அலங்காரச் செடிகளைக் கொழும்பில் தவிர்ப்பதே நல்லது.

எவற்றை வாங்கக் கூடாது?

நுவரெலியாவில் கண்ட ஹைட்ரேஞ்சியாவை வாங்கி வராதீர்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் பூக்கும் செடிக்குக் கொழும்பின் இரவே வெப்பம் அதிகம். ரோசா வேண்டவே வேண்டும் என்றால், மழை படாத, காற்று ஓடும் இடத்தில் ஒரு சாடி வையுங்கள். மழை மாதங்களில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

நாயுண்ணி அழகாக இருக்கும், நிறையப் பூக்கும். ஆனால் 1826 இல் தாவரவியல் பூங்கா வழியாக அலங்காரத்துக்கென்று இலங்கைக்கு வந்த அந்தச் செடி இன்று உடவளவைத் தேசிய பூங்காவில் யானைகளுக்கான புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கிறது. பறவை பழத்தைத் தின்று விதையை எங்கும் கொண்டுபோகும். மஞ்சள் பூவோடு நிலத்தில் பாய்போல் படரும் வெடேலியாவும் அப்படியே. ஒரு துண்டு தண்டு வாய்க்காலில் விழுந்தால் போதும். இரண்டையும் விடுங்கள்.

அலரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடலோர வீட்டுக்கு அதைப்போல் உறுதியான செடி குறைவு. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. மஞ்சள் அலரியின் விதை மிகக் கொடியது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டும் வேண்டாம். வெட்டிய கிளையை எரிக்கவும் வேண்டாம், புகையும் கெடுதல்.

கடையில் எப்படிக் கேட்பது?

கொழும்பில் கன்று விற்பவர் பெரும்பாலும் சிங்களப் பெயரைத்தான் சொல்வார். சில பெயர்கள் காதுக்கு நம் பெயர்போலவே கேட்டு ஏமாற்றும். "அரலிய" என்று கேட்டால் நம் அலரி வராது. கோயிலடியில் நிற்கும் ஈழத்தலரிதான் வரும். (பெயரில் ஈழம் இருந்தாலும் அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம்.) நம் அலரி வேண்டுமென்றால் "கனேரு" என்று கேளுங்கள். "பிச்ச" என்பது மல்லிகை வகைகளுக்கான பெயர். பிச்சிதான் வேண்டும் என்றால் பூவைப் பார்த்து வாங்குங்கள். செவ்வரத்தை "வத", இக்ஸோரா "ரத்மல்", நந்தியாவட்டை "வதுசுத்த", பவளமல்லிகை "சேபாலிகா".

பூ நிறைந்த கன்றைத் தேடாதீர்கள். மொட்டும் புதுத் தளிரும் உள்ள கன்றைத் தேடுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி அங்கேதான் இருக்கும். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே நீண்டிருந்தால் அந்தக் கன்று அதிக நாள் கடையில் நின்றது, வேறொன்றை எடுங்கள்.

இன்னொரு நல்ல வழி காசில்லாத வழி. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலையில் உங்கள் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். யார் வீட்டு மதிலுக்கு மேலே எது பூத்து நிற்கிறதோ அது உங்கள் வீட்டிலும் பூக்கும். அதே உப்பு, அதே மழை. மணியை அடித்து ஒரு தடி கேளுங்கள். செவ்வரத்தை, நந்தியாவட்டை, இக்ஸோரா, போகன்வில்லா எல்லாம் பென்சில் தடிப்பில் ஆறங்குலத் தடி வெட்டி நட்டால் மழைக்காலத்தில் வேர் விடும்.

எப்போது நடுவது, எப்போது வெட்டுவது?

நிலத்தில் நட இரண்டு நல்ல நேரம்: சித்திரை மழை தொடங்கும்போது, புரட்டாதிக் கடைசியில் மழை தொடங்கும்போது. தை, மாசியில் நட்டால் காலையும் மாலையும் தண்ணீர் விட நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

மார்கழிக் கடைசியில் மல்லிகையை வெட்டுங்கள். தை, மாசியில் போகன்வில்லாவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். பங்குனியில் எல்லாச் செடிக்கும் மாட்டெரு வையுங்கள்; வரும் மழை அதை வேருக்குக் கொண்டுபோகும். வைகாசிக்கு முன் சாடிகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனி, ஆடியில் இலை கழுவுங்கள். ஆவணியில் இரண்டாவது முறை எரு. ஐப்பசி, கார்த்திகையில் தடி வெட்டி நடுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்யும் ஒரு தவறு, எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டுவது. பிறகு இரண்டு மாதம் வீட்டில் பூவே இருக்காது. இக்ஸோரா இரண்டு இருந்தால் ஒன்றை இந்த மாதம் வெட்டுங்கள், மற்றதை அடுத்த மாதம். ஒன்று தளிர்க்கும்போது மற்றது பூக்கும். இந்த ஒரு பழக்கம் புதிதாக மூன்று செடி வாங்குவதற்குச் சமம்.

எங்கே தொடங்குவது?

இந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலை எண்ணுங்கள். எண்ணிய மணிக்கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரே ஒரு செடி வாங்குங்கள்: முழு வெயிலென்றால் செவ்வரத்தை, அரை நிழலென்றால் நந்தியாவட்டை, நிழலென்றால் அந்தூரியம். ஒரு மழையும் ஒரு வெயிலும் அதோடு கழியட்டும். பிறகு மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாக வரட்டும்.

ஒரு வருடம் கழித்து, கார்த்திகை மழையில் உங்கள் வாசலில் பூவைக் கண்டு பக்கத்து வீட்டார் வந்து "உங்களுக்கு நல்ல கைராசி" என்பார்கள். அவர்களுக்கு ஒரு தடி வெட்டிக் கொடுங்கள். கூடவே, அவர்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்றும் கேளுங்கள்.